"1000 வாட்" என்று பெட்டியில் போட்டிருக்கும் செடி லைட்டை நம்பி வாங்காதீர்கள்

நீலகிரியில் எங்கள் மஞ்சூர்ப் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் மூடுபனி இறங்கிவிடும், வெயிலைப் பார்க்கவே நாள் கணக்காகும். அதனால் இந்த முறை லெட்யூஸ், புரோக்கோலி நாற்றை வீட்டின் பின் அறையிலேயே குரோ லைட் வைத்து வளர்க்கலாம் என்று இறங்கினேன். 98 குழித் தட்டு பத்து. இரண்டு தோட்டக்காரர்களிடம் முன்பணமும் வாங்கியாயிற்று. ஆன்லைனில் பார்த்து, கொட்டை எழுத்தில் "1000 வாட்" என்று போட்ட ஊதா எல்இடி லைட் இரண்டு வாங்கினேன். ஒன்று 3,800 ரூபாய்.

இருபது நாளில் நாற்று எல்லாம் நூல் மாதிரி நெட்டையாகிச் சாய்ந்துவிட்டது. முதலில் உரத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். விற்றவர்களைக் கேட்டால் "லைட்டைத் தாழ்த்திக் கட்டுங்கள்" என்றார்கள். தாழ்த்தினேன். நடுத்தட்டில் இலை நுனி கருகியது, ஓரத்துத் தட்டு அப்படியே வெளிறி நின்றது.

உண்மையைக் காட்டியது கரண்ட் மீட்டர்தான். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிகிறது. இரண்டும் சேர்ந்து 2000 வாட் என்றால் 28 நாளில் கிட்டத்தட்ட 900 யூனிட் ஓடியிருக்க வேண்டும். கூடுதலாக ஓடியிருந்ததோ நூறு யூனிட்டுக்கும் கீழே. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு லைட்டைப் போடச் சொன்னார். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் (உங்கள் மீட்டரில் எண் மாறலாம், முகப்பிலேயே போட்டிருக்கும்). பத்து நிமிடம் எண்ணினோம். 1000 வாட் என்றால் 530-க்கு மேல் மினுக்க வேண்டும். மினுக்கியது 56. அதாவது 105 வாட்.

பெட்டியில் போட்ட 1000 எப்படி வருகிறது என்றால், உள்ளே 100 பல்பு மணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் "10 வாட் மணி" என்று சொல்லிப் பெருக்கி 1000 என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மணியையும் ஓட்டுவது ஒரு வாட் அளவில்தான். கேட்டதற்கு "அது ஈக்குவலன்ட் மேடம்" என்றார்கள். திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

பணம் போனதைவிட எனக்குப் பதறியது வேறு விஷயம். ஈரக்கையோடு தட்டை எடுக்கும்போது லைட்டின் இரும்புக்கூடு பட்டு ஒருநாள் சுரீர் என்றது. அண்ணா கழற்றிப் பார்த்தார். வெளியே மூன்று முனை பிளக், உள்ளே பச்சை ஒயர் எதிலும் இணைக்கப்படாமல் நறுக்கி விடப்பட்டிருந்தது. எர்த் இல்லை. பனி ஏறிச் சுவரே கசியும் அறை, என் பிள்ளைகளும் வந்து போகும் இடம்.

வாங்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: பிளக்கில் உண்மையாக எத்தனை வாட் இழுக்கிறது? எந்த உயரத்தில், எத்தனை அடிக்கு எத்தனை அடி பரப்பில், எத்தனை மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழும்? நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எண் கொடுக்கச் சொல்லுங்கள். லெட்யூஸுக்கு 200 மைக்ரோமோல் அளவில் 16 மணி நேரம் கிடைத்தால் போதும். அந்த எண்ணைத் தராதவர்களிடம் வாங்காதீர்கள். போனில் லக்ஸ் ஆப் வைத்து ஊதா லைட்டை அளந்து ஏமாறவும் வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, அந்தச் சிவப்பையும் நீலத்தையும் அது சரியாகக் கணக்கிடாது. டிரைவரில் (எல்இடிக்குத் தகுந்தபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பாகம்) பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வந்த அன்றே மீட்டரில் எண்ணிவிடுங்கள், கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பெட்டி, பில், மீட்டரை எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் அந்த லைட்டைப் பாதி விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. இரண்டின் ஒயரையும் வெட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.