31ஆம் நாள் நினைவு மலர்: அச்சகங்களின் ‘முழுப் பக்கேஜ்’ எப்படி?

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) அழைப்பிதழ், நினைவு மலர், நன்றி நவிலல் அட்டை மூன்றையும் இப்போது ஒரே பேச்சில் முடித்துவிடலாம். செத்தவீட்டுக் களைப்பில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவிதான். எழுத்தும் படங்களும் ஒழுங்காகக் கொடுத்தால் சில நாட்களிலேயே மலர் கட்டுக்கட்டாக வந்துவிடும். அட்டையிலும் குறை இராது: 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) ஆர்ட் போர்ட், நடுவில் அப்பாவின் படம், இரு பக்கமும் குத்துவிளக்கு. வேகத்துக்கும் அட்டைக்கும் முழுப் புள்ளி போடலாம். மெய்ப்புப் பார்ப்பதற்குப் பாதிகூடப் போட முடியாது.

பஞ்சபுராணம், 95 அடிச் சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் எல்லாம் அச்சகத்துக் கணினியில் ஆயத்தமாகவே கிடக்கும். முன்னைய மலரிலிருந்து எடுத்து ஒட்டுவதால் அதிலிருந்த பிழையும் சேர்ந்தே வரும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் யுனிகோடில் எழுதி அனுப்புவதைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றும் இடத்தில்தான் பெரிய சேதம். பாமினியில் காற்புள்ளி விசைக்கு வருவது ‘இ’. மாற்றும் மென்பொருள் சரியில்லையென்றால் “கனடாஇ லண்டன்இ சுவிஸ்” என்று அச்சாகும். பட்டங்களும் மின்னஞ்சல் முகவரியும் ஆங்கில எழுத்தில் இருந்தால் அர்த்தமில்லாத தமிழாகக் கொட்டும். ஆகவே மெய்ப்பில் முதலில் காற்புள்ளிகளைப் பாருங்கள். யுனிகோடிலேயே பக்கம் அமைக்கும் அச்சகம் கிடைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இறந்த மாதம், பட்சம், திதியைச் சொல்லும் திதி நிர்ணய வெண்பாவை யாரும் திரும்ப வாசிப்பதில்லை. ஆனால் வருடாவருடம் திவசத்துக்கு நாள் பார்க்க எடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். மாதம், பட்சம், திதி மூன்றையும் ஐயரிடம் காட்டி, வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதையும் கீழே அச்சிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே திதி முடியும் நேரம் மாறுபடும். மறைவு வெளிநாட்டில் என்றால் எந்த நாட்டு நேரத்தை வைத்துக் கணித்தது என்பதும் வேண்டும். ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணித்தியாலம்தான். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கத்தைய நேரத்தை அப்படியே யாழ்ப்பாண நேரமாக எடுத்துக் கணித்தால் திதியே மாறிவிடலாம்.

படம் அடுத்த தலையிடி. 1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் ஆல்பங்களை விட்டுவிட்டுப் போன வீடுகள் பல. அங்கெல்லாம் மிஞ்சுவது கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றுதான். ஏ5 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748 × 2480 பிக்சல் தேவை. 35 × 45 மில்லிமீற்றர் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 1650 × 2125 அளவில் வரும். முக்கால் பக்கத்துக்குத் தாராளம். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காது. ‘தெளிவாக்கித் தருகிறோம்’ என்று செயலியில் போட்டு எடுப்பார்கள். தோல் மெழுகாகி, மச்சமும் நெற்றித் தழும்பும் காணாமல் போய்விடும். அது அப்பா இல்லை. மங்கலான மூலப்படமே மேல்.

வாழ்க்கைக் குறிப்புக்கும் அவர்களிடம் அச்சுவார்ப்பு உண்டு: “பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம்”. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே எழுதுங்கள்: படித்த பள்ளி, முதல் நியமனம், இடமாற்றம் போன ஊர்கள், வீடு கட்டிய ஆண்டு, எந்தப் பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கினார் என்பதுவரை. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிப்பு ஓடாது. அப்பப்பாவைப் பற்றி 2 பக்கம் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்குங்கள்.

வம்சாவளியைக் கட்டம் கட்டி ஏ5 பக்கத்துக்குள் அடைப்பது வீண்வேலை. மூன்று தலைமுறை தாண்டினால் எழுத்து எறும்பாகிவிடும். ஒன்றில் ஏ3 தாளை மடித்து நடுவில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது 1, 1.1, 1.1.1 என்று இலக்கமிட்டுப் பட்டியலாகப் போடுங்கள். ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் குடும்பத்துக்கே அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். விடுபட்ட ஒரு மருமகன் பெயர் பத்து வருடம் பேசப்படும்.

நடுப்பின் அடிக்கும் மலரில் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும், இல்லையேல் வெற்றுப் பக்கம் விழும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் என்றால் 64 பக்கத்துக்கு மேல் நடுத்தாள்கள் வெளியே பிதுங்கி, வெட்டும்போது ஓர எழுத்துப் போய்விடும். அதற்கு முதுகில் பசை ஒட்டும் கட்டுத்தான் சரி. பிரதிகளை ஆளுக்கு ஒன்றென்று எண்ணாமல் வீட்டுக்கு ஒன்றென்று எண்ணுங்கள். எழுத்து முழுவதும் 20ஆம் நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு மெய்ப்புப் பார்க்க நேரம் இருக்கும்.

பணம் கட்டும்போதே பிடிஎஃப் கோப்பையும் கேளுங்கள். பக்கேஜில் அது சேர்த்தி இல்லை என்று இழுத்தடிக்கும் இடமும் உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. அங்கே கொடுப்பதென்றால் முகவரி, தொலைபேசி இலக்கம் உள்ள நன்றி நவிலல் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.