வெண்கல லேலா: உண்மையான பொருள், தேவையில்லாத மெருகு

1464-இல் முனீர் அலி வார்த்த உதுமானியப் பீரங்கி ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அதை இங்கிலாந்தின் ஃபோர்ட் நெல்சன் அருங்காட்சியகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். என்னைப் போன்ற சேகரிப்பாளருக்கு எட்டுவது மலாய் உலகத்து லேலாதான். படகு விளிம்பில் கவையில் நிறுத்தி, பின்பக்கக் குழாயில் மரக்கைப்பிடி செருகி, திருப்பித் திருப்பிச் சுடும் சின்னப் பீரங்கி. புரூனையில் இவற்றைச் சுடுவதற்கு மட்டுமல்ல, பரிசப் பணமாகவும் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய ஆயுதங்கள் விற்கும் ஒரு கடையில் சென்ற மாதம் ஒன்று வாங்கினேன். 92 சென்டிமீட்டர் நீளம், வாயைச் சுற்றி இலைக்கொடி வேலை. வாங்கும் முன் நிறையக் கேள்வி கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார்கள். குழலுக்குள் குச்சி விட்டு ஆழம் அளந்து படம் அனுப்பினார்கள். திரித்துளை, அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் துளை, குழல்வரை போகிறதா என்று கம்பி நுழைத்துக் காட்டினார்கள். அலங்காரத்துக்காக வார்த்த போலிகளில் குழல் பாதியிலேயே நின்றுவிடும், துளை வெறும் குழியாக இருக்கும். இதில் இரண்டும் சரி. அடிப்பக்கத்தில் துருப்பிடித்த இரும்புப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. வார்க்கும்போது உள்ளே இருக்கும் மண்கரு நகராமல் பிடித்த முளைகள் அவை. அந்தப் படத்தைப் பார்த்ததும் பணம் அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தபோது மனசு உடைந்துவிட்டது. படத்தில் இருந்த, காலப்போக்கில் உலோகத்தின்மேல் படியும் கரும்பச்சைக் களிம்பைக் காணோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சக்கரம் வைத்து மெருகேற்றிப் புதுக் குத்துவிளக்கு போல அனுப்பியிருந்தார்கள். கேட்டால், "எல்லாரும் பளபளப்பாத்தான் கேக்கறாங்க" என்றார்கள்.

எனக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. பொருளின் வயதுக்கான சாட்சி போய்விட்டது. உலோகத்தைச் சோதித்தால் வயது தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான் சோதித்ததில் துத்தநாகம் நன்றாகவே இருந்தது, அதாவது இது பித்தளைப் பக்கம் சாய்ந்த கலவை. வெண்கலம் என்று சொல்லும் லேலாக்களில் பல இப்படித்தான். துத்தநாகம் கூடினால் புதுசு என்று முடிவு கட்டவும் முடியாது. ராஜஸ்தானின் ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகம் வடித்தார்கள், கர்நாடகத்தின் பீதரில் செய்யும், வெள்ளி பதித்த பித்ரி பாத்திரமே பெரும்பாலும் துத்தநாகம்தான். ஆக, வயதுக்குச் சாட்சி சொல்ல வார்ப்புத் தடயமும் மேற்பரப்பும்தான் மிச்சம். அதில் ஒன்றைச் சுரண்டி எறிந்துவிட்டார்கள். வெளிர்பச்சைத் தூளாக உதிரும் நோய்க்களிம்பு என்றால் சிகிச்சை தேவை, ஒப்புக்கொள்கிறேன். இது அது இல்லை, கெட்டியாகப் படிந்திருந்த நல்ல களிம்பு.

கட்டி அனுப்பிய விதத்தில் குறை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதே கடையில் இன்னொரு லேலா பார்த்து வைத்திருக்கிறேன். இருக்கும் நிலையிலேயே, துடைக்காமல் அனுப்புவதாக எழுதித் தந்தால் வாங்குவேன். நீங்கள் எங்கே வாங்கினாலும் அந்த ஒரு வரியை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் பணம் அனுப்புங்கள்.