அப்பாவோட 206க்கு பவுடர் கோட்டிங், நடுவுல பொங்கல்

இந்த தடவை ஊருக்கு போனப்போ கோயில், கல்யாணம், பல்லு டாக்டர் எல்லாத்துக்கும் முன்னாடி லிஸ்ட்ல இருந்தது எங்க டாடா மொபைல் 206 பிக்கப் வண்டி தான். 1991 மாடல். பெரம்பூர்ல அப்பாவோட பாத்திர வாடகை கடைக்கு அண்டா, குண்டான், ஜமக்காளம், வாழை இலை கட்டு எல்லாம் தூக்கின வண்டி, நானும் தங்கச்சியும் பின்னாடி தொட்டில பெரிய அண்டாவுக்குள்ள உக்காந்து ஸ்கூலுக்கு போயிருக்கோம், இப்ப என் பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க. டாடா இந்த மாடல 1988ல கொண்டு வந்தான், பின்னாடி வந்த சியரா, எஸ்டேட் எல்லாம் இதே அடிக்கட்டு மேல கட்டினதுன்னு அப்பா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, கேக்காதவங்ககிட்டயும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ தெருவுல தண்ணி நின்னு வண்டி மூணு நாள் வீல் முங்க நின்னுச்சு. இஞ்சின் தப்பிச்சிது. வீல் டிஸ்க்கு, முன் பம்பர், ரெண்டு பக்க ஸ்டெப்பு, பின் கதவோட கீல், கொக்கி எல்லாம் துரு புடிச்சு உரிய ஆரம்பிச்சிருச்சு. நான் இருக்கறது மிச்சிகன், அங்க பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, வண்டி எல்லாம் அடியிலேர்ந்து அரிச்சுக்கிட்டே வரும், அதனால துருன்னாலே எனக்கு வயித்த கலக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பழைய டிரக்குக்கு வீல் எல்லாம் பவுடர் கோட்டிங் (பெயிண்ட்டுக்கு பதில் கலர் பவுடர அடிச்சு ஓவன்ல வேக வெக்கிறது) பண்ணி வெச்சிருந்தத பாத்து நம்மளும் பண்ணிடலாம்னு ஆச. ஜனவரில மூணு வாரம் லீவு. நடுவுல பொங்கல் வரும்னு தெரியாமயா இருக்கும், தெரியும், ஆனா பட்டறைக்காரங்களுக்கும் பொங்கல் வரும்னு ஏனோ மண்டைல ஏறல.

அப்பா ஒரே கண்டிஷன் போட்டாரு, வண்டி கலர மட்டும் மாத்தக்கூடாது. கலர் மாத்தினா ஆர்சி புக்குல ஏத்தணும், அதுக்கு ஆர்டிஓ ஆபீஸ் அலையணும், ஏற்கனவே வருஷா வருஷம் எஃப்சிக்கு, அதான் வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு வாங்குற சர்டிஃபிகேட்டுக்கு, அலையறது போதும்னாரு. டெல்லியா இருந்தா 10 வருஷத்துலயே டீசல் வண்டிய ஓரங்கட்டிருப்பாங்க, இங்க எஃப்சி காட்டினா ஓட்டலாம்ங்கறதே பெருசு.

கழட்டுறதுக்கு நம்ம பழைய மெக்கானிக் பாய் தான். "தம்பி, போல்ட்ட ஸ்பேனர் போட்டு திருக்காத, முறிஞ்சிரும்"னு ரெண்டு நாள் டீசலும் கிரீஸும் அடிச்சு ஊறப்போட்டு, அப்பயும் பம்பர் போல்ட்டு நாலுல மூணு முறிஞ்சுது. முறிஞ்சதுக்கு பதில் புதுப்பேட்டைல கெடைச்சிருச்சு. அங்க போய் போல்ட்ட கைல காட்டினா போதும், நம்பர் எல்லாம் கேக்க மாட்டாங்க, உள்ள ஒரு டப்பாவ கவுத்து ஒண்ண எடுத்து நீட்டுவாங்க. கொக்கிக்கு மட்டும் ஜிபி ரோட்டுல ரெண்டு கடை ஏறி எறங்கினேன், கெடைக்கல, பழசையே சரி பண்ணிக்கிட்டோம்.

இப்ப கோட்டிங் கதை. மொத போன எடம் வீட்டுக்கு பக்கம், பேரு வேணாம். அந்த தம்பி எதுக்கும் இல்லன்னு சொல்லவே இல்ல. பம்பரா? பண்ணலாம் சார். ஸ்பிரிங் பட்டையா? பண்ணலாம் சார். நாலு நாள்ல? குடுத்துர்லாம் சார். வீல் ஒண்ணுக்கு 700 ரூபான்னாரு, நானும் மாடு மாதிரி தலையாட்டிட்டு மொதல்ல அஞ்சு வீலயும் குடுத்துட்டு வந்துட்டேன். நாலு நாள் ஏழு நாள் ஆச்சு. வாங்கிட்டு வந்து வெளிச்சத்துல பாத்தா பளபளன்னு இருக்கு, அப்பாவுக்கும் சந்தோஷம். பாய் தான் நகத்தால கீறி பாத்தாரு. தின்னர்ல துணிய நனைச்சு தேய்ச்சாரு, துணில சில்வர் ஒட்டிக்கிட்டு வருது. ஓவன்ல சரியா வேகலன்னு அர்த்தம். பவுடர் 180லேர்ந்து 200 டிகிரில பத்து பதினஞ்சு நிமிஷம் வேகணும், ஆனா அந்த கணக்கு ஓவன் மீட்டர் 200 காட்டினதுலேர்ந்து இல்ல, இரும்பே அந்த சூட்டுக்கு வந்ததுலேர்ந்து. வீல் மாதிரி கனமான சாமான் சூடாகவே நேரம் புடிக்கும், அந்த பொறுமை அங்க இல்ல.

அத விட மோசம், நட்டு உக்கார்ற குழியிலயும் ஹப்போட ஒட்டுற முகத்துலயும் கூட கோட்டிங் அடிச்சு வெச்சிருந்தாங்க. அங்க கோட்டிங் இருந்தா ஓட ஓட அது நசுங்கும், நசுங்கினா நட்டு லூசாகும், லூசானா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். அந்த எடத்த எல்லாம் சூடு தாங்குற டேப்பு, சிலிக்கான் மூடி போட்டு மறைச்சிட்டுத்தான் அடிக்கணும். திருப்பி கொண்டு போய் கேட்டா, "எல்லாரும் இப்டித்தான் சார் வாங்கிட்டு போறாங்க"ன்னு பதில். காசு திரும்பி வரல, நானும் சண்ட போடல, லீவுல ஒரு நாள சண்டைக்கு செலவு பண்ண மனசு வரல.

பாயே அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு ஆள சொன்னாரு. பாடி தாண்டி உள் தெருவுல பாதி ஷட்டர் போட்ட ஒரு பட்டறை, ஓனர் அறுபது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு சாமான ஒவ்வொண்ணா திருப்பி பாத்தாரு. பாக்கெட்லேர்ந்து ஒரு காந்தத்த எடுத்து பம்பர்ல வெச்சாரு, அது வழுக்கி கீழ விழுந்துச்சு. நகத்தி வெச்சாரு, மறுபடி விழுந்துச்சு. "இது பம்பர் இல்ல சார், பட்டி"ன்னாரு. வருஷா வருஷம் எஃப்சிக்கு போறப்போ துரு மேல பட்டி, பட்டி மேல பெயிண்ட்டுன்னு முப்பது வருஷமா அடிச்சது. அத ஓவன்ல வெச்சா அப்பளம் மாதிரி உப்பிக்கும், முடியாது, எடுத்துட்டு போங்கன்னாரு. ஸ்பிரிங் பட்டைய காட்டினேன், அதுவும் முடியாது, பட்டையும் பட்டையும் ஒரசுற எடம், கோட்டிங் ஒரு வாரம் கூட நிக்காது, கிரீஸ் போட்டு மாட்டுங்கன்னாரு. அரை மணி நேரத்துல நாலு தடவ முடியாதுன்னாரு, அப்பதான் எனக்கு நிம்மதியாச்சு.

கடைசில பேசி வெச்சது இதுதான். எல்லாத்தயும் பிளாஸ்டிங்க்கு (மணல் மாதிரி துகள வேகமா அடிச்சு சொரண்டுறது) குடுத்து வெறும் இரும்பாக்கணும், வீல்ல அந்த தம்பி அடிச்சதையும் சேத்து. பம்பர் ஓட்டைய பட்டி வெக்காம வெல்டிங்லயே அடைச்சு கிரைண்டர் போட்டு கொண்டு வரணும். அதுக்கப்புறம் அவரு டேங்க்ல முக்கி எண்ணெய் எடுத்து, பாஸ்பேட் ஏத்தி, கோட்டிங். வெளிய வெயில்ல கெடக்கற சாமானுக்கு பாலியஸ்டர் பவுடர் தான் வேணும், எபாக்சி அடிச்சா வெயில்ல சுண்ணாம்பு மாதிரி வெளுத்துரும்னு அவரே சொன்னாரு, நான் கேக்கவே இல்ல. பம்பரும் ஸ்டெப்பும் கருப்பு, வீல் சில்வர். வீல் ஒண்ணுக்கு பிளாஸ்டிங்கோட 1,100 ரூபா, ஜிஎஸ்டி தனி. மிச்சிகன்ல பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வீலுக்கு குடுத்த காசுல இங்க அஞ்சும் முடிஞ்சுது.

கீல், கொக்கி மட்டும் வண்டி கலர்ல வேணும்னு அப்பா. எங்க வண்டி வெள்ளை சுத்த வெள்ளையும் இல்ல, கிரீமும் இல்ல, வயசான வெள்ளை. பவுடர் கலர் கார்டுல 9001ங்கற நம்பர் கிட்ட வருது, 9010 தள்ளி போகுது, ரெண்டும் அது இல்ல. பெயிண்ட்டு மாதிரி ரெண்டு டப்பாவ கலந்து கலர் கொண்டு வர முடியாது பவுடர்ல, ரெண்டு பவுடர கலந்தா புள்ளி புள்ளியா தான் வரும். தனியா செய்ய சொன்னா பெட்டி பெட்டியா வாங்கணும், ஆறு கீலுக்கு யாரு வாங்குவா. அதயும் கருப்பு தான் அடிச்சோம். அப்பா ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாரு.

வெல்டிங் முடிஞ்சு பம்பர் வந்தது போகிக்கு மொத நாள். அவ்ளோதான், எஸ்டேட் மொத்தமும் ஷட்டர். காணும் பொங்கல் முடிஞ்சும் வேல செய்ற பசங்க ஊர்லேர்ந்து வர ரெண்டு நாள் ஆச்சு. பிளாஸ்டிங் முடிஞ்ச வீலு அது வரைக்கும் சும்மா கெடக்குது, சென்னை காத்துக்கு வெறும் இரும்பு ராத்திரியோட ராத்திரியா செவந்துரும், அதனால போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். பெரியவரு போன எடுக்கவே இல்ல. கடை தொறந்தன்னிக்கு போனா, மறுபடி லேசா பிளாஸ்ட் பண்ணிட்டுத்தான் டேங்க்ல போட்டோம்னு சொன்னாரு, அதுக்கு தனியா காசு கேக்கல. கோட்டிங் எவ்ளோ தடிமன்னு மைக்ரான் மீட்டர வெச்சு காட்டினாரு, 70, 75, ஒரு எடத்துல 82. கோட்டிங் நல்லா புடிச்சிருக்கான்னு பாக்க பிளேடால கட்டம் கட்டமா கீறி செலோ டேப்பு ஒட்டி இழுத்தாரு, ஒரு துகள் வரல. அத வேஸ்ட்டு தகடுல தான் பண்ணாரு, எங்க வீல்ல இல்ல, நான் ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

போறவங்களுக்கு ஒண்ணு, டயர் டியூப் ரப்பர் புஷ் எல்லாத்தயும் நீங்களே கழட்டி குடுத்துருங்க, குடுக்கறப்போ ஒவ்வொரு சாமானயும் போட்டோ எடுத்து எண்ணிக்கைய சலான்ல எழுதி வாங்குங்க. எங்க கொக்கில ஒண்ணு வேற யாரோட கேட்டு சாமானோடயோ போய் கெடந்து ரெண்டு நாள் கழிச்சு கெடைச்சுது.

பிளைட்டுக்கு மொத நாள் ராத்திரி தான் வீல மாட்டினோம். 50 கிலோமீட்டர் ஓடினதும் நட்ட எல்லாம் ஒரு தடவ திருப்பி டைட் பண்ணணும், புது கோட்டிங்ல அது முக்கியம்னு அப்பாகிட்ட மூணு தடவ சொன்னேன். நேத்து வாட்சப்ல போட்டோ அனுப்பிருக்காரு, தை மாச முகூர்த்தம், தொட்டி நெறைய அண்டா, புது கருப்பு பம்பர்ல கயிற சுத்தி கட்டிருக்காரு, கட்டின எடத்துல இப்பவே ஒரு கீறல். வியாசர்பாடி, மாதவரம்னு எப்படியும் 50 தாண்டிருக்கும். நட்ட பத்தி ஒரு வார்த்த இல்ல. இன்னிக்கு பாய்க்கு தான் போன் போடணும்.