மரத்தட்டா, பியூட்டர் தட்டா?

17-ஆம் நூற்றாண்டில், வட அமெரிக்காவின் வடகிழக்கே ஆங்கிலேயர் குடியேறிய நியூ இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலோர் சாப்பிட்டது கடைசல் பிடித்த மரத்தட்டில். காடு பக்கத்திலேயே இருந்ததால் மலிவு. ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதும் உண்டு. கத்திக் கீறல் விழும், வெடிக்கும், அப்புறம் விறகாகிவிடும்.

பியூட்டர் கதை வேறு. வெள்ளீயத்தோடு செம்போ காரீயமோ கலந்த உலோகம் அது. அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் வீட்டுக்கே ஒரு களை. இறந்தவரின் சொத்துப் பட்டியலில் அதை எடை போட்டு எழுதினார்கள் என்றால் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். அடுப்பருகே வைத்தால் மட்டும் உருகிவிடும்! நெளிந்தாலும் நஷ்டமில்லை, உருக்கி அச்சில் ஊற்றினால் புதுத் தட்டு. கச்சா வெள்ளீயத்துக்கு பிரிட்டன் வரி போட்டது. செய்த தட்டுக்கு வரியில்லை. அதனால் காலனிக் கைவினைஞர்கள் பெரும்பாலும் பழைய தட்டுகளை உருக்கியே தொழில் நடத்தினார்கள்.

விருந்தாளி வந்தால் பியூட்டர், சரி. ஆனால் தினசரிச் சோற்றுக்கு என் ஓட்டு மரத்துக்குத்தான். காரீயம் கலந்த தட்டில் புளிப்பான பண்டத்தை வைக்க எனக்கு மனம் வராது.