ஈயமில்லா ஏப்ரன்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எடை குறைவு என்பதற்காக மட்டும் ஏப்ரன் வாங்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த நான்தான், சென்ற ஆண்டு எங்கள் கேத் லேபுக்கு (எக்ஸ்-ரேயில் பார்த்தபடியே இதய ரத்தக் குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அறை) ஆன்டிமனி, பிஸ்மத் என்ற உலோகங்கள் கலந்த ஈயமில்லா ஏப்ரன்கள் நான்கை, அதாவது எக்ஸ்-ரே கதிரிலிருந்து பணியாளரைக் காக்கும் மேலங்கிகளை, வாங்கப் பரிந்துரைத்தேன். அந்தப் பரிந்துரைக்காக இன்று வருந்தவில்லை. ஆனால் விற்க வந்தவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பியிருந்தால் வருந்தியிருப்பேன்.

மேற்சட்டையும் பாவாடையும் தனித்தனியாக அமைந்த வகை இது. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் எடையில் கணிசமான பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. நிறுத்துப் பார்த்தபோது, அதே அளவுள்ள எங்கள் பழைய ஈய ஏப்ரனைவிட ஏறத்தாழக் கால் பங்கு எடை குறைவு. நீண்ட ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டே வெளியே வரும் மூத்த டெக்னீஷியன், முதல் வாரத்திலேயே பழைய ஏப்ரனை இனித் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சீட்டில் அச்சிட்டிருக்கும் ‘0.5 மி.மீ. ஈயச் சமானம்’ (அத்தனை தடிமனுள்ள ஈயத் தகட்டுக்கு ஈடாகக் கதிரைத் தடுக்கும்) என்பதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். முன்புறத்தில் 0.25 மி.மீ. கொண்ட இரண்டு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்த 0.5 கிடைக்கும். பருமனான மருத்துவர் ஒருவர் சிறிய அளவை எடுத்து அணிந்தபோது மடிப்புகள் நான்கு விரற்கடை அகலத்துக்குத்தான் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. வயிற்றின் மற்றப் பகுதிக்கு அவருக்கு இருந்தது 0.25 மி.மீ. காப்புதான். அளவு பார்த்து வாங்குவதில் சிக்கனம் கூடாது.

சமானம் என்பதும் எல்லாக் கதிர் ஆற்றலுக்கும் பொருந்தும் ஒரே எண் அன்று. ஏறத்தாழ 30 முதல் 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை, எடைக்கு எடை ஒப்பிட்டால், ஆன்டிமனி ஈயத்தைவிட நன்றாகவே கதிரை உறிஞ்சும். 88-ஐத் தாண்டியதும் ஈயத்தின் கே-விளிம்பு (அதன் உறிஞ்சும் திறன் திடீரென எகிறும் ஆற்றல்) குறுக்கிட்டு, கணக்கு தலைகீழாகிவிடும். பிஸ்மத்தைக் கலப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். மேலும், கதிரை உறிஞ்சும் ஆன்டிமனி தானே 26 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் இரண்டாம் நிலைக் கதிரை எல்லாப் பக்கமும் வெளியிடும். குறுகிய கற்றையில் சோதித்தால் அது பெரும்பாலும் கணக்கில் வராது. அதனால்தான் சோதனை முறையையும் எக்ஸ்-ரே குழாயின் எந்த மின்னழுத்தத்தில் சோதித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டேன். மூன்று முறை நினைவூட்டிய பிறகே தாள் வந்தது. எங்கள் சொந்த அளவீட்டில் 80 கிலோவோல்ட்டில் புதியதற்கும் பழையதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 110-இல் புதியதன் வழியே சற்றுக் கூடுதலாகவே கசிந்தது. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறிய, ஆற்றல் குறைந்த கதிரே மிகுதியாக உள்ள கேத் லேபுக்கு இது ஏற்கத்தக்கதே. 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரோடு புழங்கும் பெட் ஸ்கேன் பிரிவினர் இதை இரவல் கேட்டபோது மறுத்துவிட்டேன். அங்கே ஈய ஏப்ரனே பெயரளவுக்குத்தான் உதவும்.

பெரிய குறை பதினோராம் மாதத்தில் தெரிந்தது. ஆண்டுச் சோதனைக்காக மேசையில் விரித்து, தானியங்கிக் கதிர்க்கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஃப்ளூரோஸ்கோப்பியில் (திரையில் நேரடியாக ஓடும் எக்ஸ்-ரே படம்) பார்த்தபோது, ஒரு பாவாடையின் இடுப்புத் தையலை ஒட்டி விரல் நீளத்துக்கு மெல்லிய வெளிச்சக் கீற்று ஓடியது: உள்ளே காப்பு அடுக்கில் விரிசல். வெளித்துணியில் சுருக்கம்கூட இல்லை. யாரோ அதை மடித்து நாற்காலியில் போட்டு வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது என்றாலும், ஈய ஏப்ரன்கள் இதைவிட மோசமான கையாளலை எங்களிடம் தாங்கியிருக்கின்றன. உத்தரவாதத்தில் மாற்றித் தர நிறுவனம் மறுத்துவிட்டது.

ஏப்ரனுக்கு உள்ளே அணிந்த, உடலில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ்களின் ஓராண்டு அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிர் அளவின் அலகு) என்ற பணியாளர் வரம்புக்கு வெகு கீழேயே இருந்தது. ஏப்ரனுக்கு வெளியே கழுத்துப் பட்டையில் மாட்டிய, கண்ணில் படும் கதிரை உத்தேசமாகக் காட்டும் பேட்ஜ்தான் என்னை யோசிக்க வைக்கிறது. கண் வில்லைக்கான வரம்பு 150-ஆக இருந்ததை 2011-இல் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் அதே 20-க்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. இந்தத் தொகுப்பில் தைராய்டு காப்பு உண்டு, கண்ணாடி கிடையாது. அடுத்த கொள்முதலில் இதே ஏப்ரனை, தடித்த ஹேங்கர்களோடும் ஈயக் கண்ணாடிகளோடும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.