ஊர் விளையாட்டுக் கௌரவச் சுவர்: எந்தப் பலகை நிலைக்கும், எது உதிரும்

ஒரு சிற்றூர் தன் ஓட்டக்காரர்களையும் பந்தாட்டக்காரர்களையும், அவர்களை உருவாக்கிய பயிற்சியாளர்களையும் பெயர் பொறித்துக் கௌரவிப்பது என்று முடிவெடுத்ததும் முதலில் போய் நிற்பது ஷீல்டு, பெயர்ப்பலகை செய்யும் கடையில்தான். கிரானைட், பித்தளை, எவர்சில்வர், அக்ரிலிக், மரம் என்று மாதிரிகளை வரிசையாக எடுத்து வைப்பார்கள். திறப்பு விழா அன்று எல்லாமே பளபளக்கும். பத்து ஆண்டு கழித்து எது எப்படி இருக்கும், அடுத்த பெயரை எதில் சேர்க்க முடியும் என்ற இரண்டு கேள்விகளை வைத்து இங்கே ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பின்பலகை, அதன்மேல் ஆளுக்கொரு பித்தளைத் தகடு. சிற்றூருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் 1939இல் திறக்கப்பட்டதிலிருந்து இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: தேர்வான ஒவ்வொருவருக்கும் தனி வெண்கலப் பலகை. ஒன்றில் பிழை வந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். புதியவர் வந்தால் பழையதைத் தொட வேண்டியதில்லை.

இடம் தீர்ந்துபோவதுதான் எல்லாக் கௌரவப் பலகைகளையும் பிடிக்கும் நோய். ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பைக்கே இந்தச் சிக்கல் வந்தது. கோப்பையின் அடிப்பகுதியில் ஐந்து பெரிய வளையங்கள், ஒவ்வொன்றிலும் 13 அணிகளின் பெயர்கள். கடைசி வளையம் நிரம்பியதும் ஆகப் பழைய வளையத்தைக் கழற்றி டொரன்டோவில் உள்ள ஹாக்கி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, வெற்று வளையம் ஒன்றைக் கீழே சேர்க்கிறார்கள். ஊர்ப் பலகையில் பழைய பெயரைக் கழற்றுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே முதல் நாளிலேயே பின்பலகையில் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று பெயர் என்றால் பதினைந்து ஆண்டுக்கு 45 தகடுகள். கணக்குப் போட்டுவிட்டுத்தான் சுவரை அளக்க வேண்டும்.

பித்தளைத் தகட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் கனம் போதும். அதற்குக் குறைந்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போதே மூலை வளையும். எழுத்தை அமிலத்தில் அரித்து எடுப்பதும் உண்டு, இயந்திரத்தில் செதுக்குவதும் உண்டு. எதுவானாலும் பள்ளம் அரை மில்லிமீட்டராவது இருந்தால்தான் உள்ளே நிரப்பும் எனாமல் பெயிண்ட் பிடித்து நிற்கும். மேலே லாக்கர் (காற்றும் ஈரமும் படாமல் காக்கும் நிறமற்ற வார்னிஷ்) பூச்சு அவசியம். லாக்கர் போட்ட தகட்டைப் பித்தளை பாலிஷ் வைத்துத் தேய்ப்பதுதான் பலர் செய்யும் தவறு: பூச்சு திட்டுத்திட்டாகப் போகும், போன இடம் மட்டும் கறுக்கும், எழுத்தின் வண்ணமும் கூடவே வரும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். ஸ்க்ரூவும் பித்தளையாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரம் பட்டதும் பித்தளையை விட்டுவிட்டு இரும்புதான் முதலில் அரிக்கும். துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று படர்ந்து, கீழே இருக்கும் பெயர்மேல் கோடாக வழியும். பார்க்கவே மனம் கஷ்டப்படும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: பொறிக்காத வெற்றுத் தகடுகள் இருபதை முதல் ஆர்டரோடேயே சேர்த்து வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வரும் பித்தளையின் நிறமும் மெருகும் இதனோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. துளைகளின் அச்சுத் தகடு (துளை போட வேண்டிய இடங்களைக் காட்டும் மாதிரித் தகடு) ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பின்பலகைக்கு ஈரம் தாங்கும் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் நல்லது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். சுவர் ஈரத்தில் அதன் ஓரம் உப்பினால் ஸ்க்ரூ பிடிப்பு போய்விடும், பிறகு எதைச் செய்தாலும் நிற்காது.

கிரானைட்டின் கம்பீரத்துக்கு ஈடு இல்லைதான். வெட்டவெளியில், மைதான வாசலில் நிற்க வேண்டிய பலகை என்றால் கல்தான் சரி. ஆனால் எடையை மறக்கக் கூடாது: 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் கல் ஏறத்தாழ 54 கிலோ. பசையை மட்டும் நம்பிப் பூச்சுச் சுவரில் ஒட்டினால் ஒருநாள் பூச்சோடு பெயர்ந்து விழும். கீழே தாங்குக் கோணம் (‘எல்’ வடிவத் தாங்கி), பக்கத்துக்கு இரண்டு ஆங்கர் போல்ட், போல்ட் செங்கல்வரை இறங்கியிருக்க வேண்டும். எழுத்தை மணல் வீச்சில் (மணலை வேகமாகப் பாய்ச்சிச் செதுக்கும் முறை) 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் எடுக்கச் சொல்லுங்கள். லேசரில் எடுப்பது மலிவு, படமும் அழகாக வரும். ஆனால் அது கல்லின் மெருகை வெளுக்கச் செய்வதோடு சரி. வெளியில் தூசி படிந்ததும் படிக்க முடியாது. ஆழமாக எடுத்த எழுத்தில் தங்க வண்ணம் வெளுத்தாலும் மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

கல்லின் பெரிய குறை, பிழையைத் திருத்த வழியில்லாதது. ஸ்டான்லி கோப்பையில் 1972இல் வென்ற பாஸ்டன் அணியின் பெயரில் ஆங்கில ‘ஓ’ (O) வரவேண்டிய இடத்தில் ‘க்யூ’ (Q) விழுந்தது. இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள். அவ்வளவு பெரிய கோப்பையிலேயே இப்படி என்றால், தமிழ் எழுத்தில் பிழை விழக்கூடிய இடங்கள் இன்னும் அதிகம்.

அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூனிகோடில் தட்டிய பெயரைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘கொ’ உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்காரர் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் மறுபடி தட்டினால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறிப்போவது சகஜம். ‘செல்வன்’ என்பவர் ‘சேல்வன்’ ஆகிவிடுவார். மணல் வீச்சுக்கு முன் கல்லின்மேல் ஒட்டும் ஸ்டென்சிலில் புள்ளியைக் கத்தி முனையால் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றை எடுக்க மறந்தால் கல்லில் அந்தப் புள்ளி விழாது. எழுத்து சிறிதானால் ‘ழ’, ‘ஞ’ போன்றவற்றின் உள்ளே நிற்கும் ஸ்டென்சில் துணுக்கு மணல் வேகத்தில் பறந்துபோய், சுழி அடைத்து ஒரே குழியாகிவிடும். கையெட்டும் தூரத்தில் படிக்கும் தகட்டுக்கு எழுத்து 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்கும் தலைப்புக்கு 25 மில்லிமீட்டர் வேண்டும்.

பொறிப்பதற்கு முன் காட்டும் மாதிரி அச்சை (ப்ரூஃப்) வாட்ஸ்அப் படமாகப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடக் கூடாது. உண்மை அளவில் தாளில் அச்சடித்து, கௌரவிக்கப்படுபவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இனிஷியல் எது, ‘ன்’னா ‘ண்’ணா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒப்புதல் வந்ததும் எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றிய கணினி ஃபைலையே பொறிப்பவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போது எழுத்துரு மாறிப்போகும் பேச்சே இல்லை.

எவர்சில்வர், பித்தளைக்கு அடுத்த இடத்தில் வரும். பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அதுவே முதல் இடம். 304 கிரேடு கேளுங்கள், கடற்கரை ஊர் என்றால் 316. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. 202 கிரேடும் 304 போலவே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

அக்ரிலிக் உள்ளறைக்கு மட்டும். வெயிலில் அது விரியும்: ஒரு மீட்டர் நீளத் தாள், வெப்பம் 30 டிகிரி கூடினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். துளையை ஸ்க்ரூ அளவுக்கே போட்டு இறுக்கினால் துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். துளை 2 மில்லிமீட்டர் பெரிதாக, ரப்பர் வாஷரோடு இருக்க வேண்டும். சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் ஓரங்களில் விரிசல் ஓடும். ஃப்ளெக்ஸ் விழா மேடைக்கு. கௌரவச் சுவருக்கு அதை வைப்பது, பெயருக்குரியவரை அடுத்த கோடையிலேயே அழித்துவிடுவதற்குச் சமம்.

கையில் கொடுக்கும் கோப்பையும் மெடலும் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். ஒலிம்பிக் தங்கப் பதக்கமே 1912க்குப் பிறகு முழுத் தங்கம் இல்லை. வெள்ளியின்மேல் குறைந்தது 6 கிராம் தங்கம் பூசியது. முலாம் பூசிய மெடலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலோகமாக மின்னும் பிளாஸ்டிக் கோப்பையை வாங்கினால் நடுக்கம்பியின் நட்டை இறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மேடையிலேயே இரண்டாகக் கழன்று வரும்.

டொரன்டோ ஹாக்கி அருங்காட்சியகம் வீரர்களுக்கு ஒரு பிரிவும், விளையாட்டை வளர்த்தவர்களுக்கு ஒரு பிரிவும், நடுவர்களுக்கு ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. சிற்றூர் இந்தப் பிரிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூவருக்கும் தகடு ஒரே அளவு, ஒரே உலோகம், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வீரருக்குப் பித்தளையும் பயிற்சியாளருக்கு அக்ரிலிக்கும் வைத்த சுவர், வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரவரிசையைத்தான் சொல்லும்.

வாசகத்திலும் அதே கவனம் தேவை. வீரருக்குப் போட்டி, ஆண்டு, இடம் என்று எழுத விஷயம் இருக்கும். வளர்த்தவருக்கு ‘சிறந்த சேவை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர் செய்த வேலையை எழுதுங்கள்: புதரை வெட்டி ஓடுகளம் போட்டவர், பெண்கள் அணியை முதலில் தொடங்கியவர், இத்தனை ஆண்டு வண்டி ஓட்டிப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போனவர். 200க்கு 75 மில்லிமீட்டர் தகட்டில் பெயருக்கு ஒரு வரி, வாசகத்துக்கு மூன்று வரி வசதியாக அடங்கும். அதற்குமேல் உள்ளதை ஊர்ப் பதிவேட்டில் கையால் எழுதி வையுங்கள். கியூஆர் குறி வைப்பதானால் அது திறக்கும் பக்கத்துக்கு ஆண்டுக் கட்டணம் யார் கட்டுவது என்று முடிவு செய்த பிறகு வையுங்கள்.

புகைப்படம் சேர்ப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும். நடுவில் 2 மில்லிமீட்டர் அட்டை விளிம்பு கொடுக்கச் சொல்லுங்கள். சுவரில் நகலை மாட்டி, அசலை வெளிச்சம் படாமல் உறையில் வைத்துவிடுங்கள்.