டேட்டிங் புரொஃபைல் ‘செட்’ பண்ணித் தர்றோம்னு வர்றவங்ககிட்ட குரூப் போட்டோவைக் கொடுக்காதீங்க

3,500 ரூபாய் கட்டிய ஒருவருக்கு வந்து சேர்ந்த ஆறு படங்களில் நான்கு, குரூப் போட்டோவிலிருந்து வெட்டியவை. முதல் படத்திலேயே அவர் தோளில் வளையல் போட்ட ஒரு கை. பக்கத்தில் நின்ற தங்கையை வெட்டியவர்கள் கையை மட்டும் விட்டுவிட்டார்கள். பார்க்கிற பெண் அதைத் தங்கை கை என்றா நினைப்பார்? இன்னொன்றில் நண்பனை ஏஐ வைத்து அழித்ததில் பின்னாலிருந்த கிரில் கம்பி நெளிந்து, இவருக்கு ஆறு விரல். முகத்தையும் வழவழப்பாக்கியிருந்ததால் ஆப்பின் செல்ஃபி சரிபார்ப்பு தேறவில்லை. எடுக்கிற செல்ஃபியை அது புரொஃபைல் படத்தோடுதான் ஒப்பிடும். பணம் திரும்பக் கேட்டால் ‘எடிட்டிங் முடிஞ்சிருச்சு சார்’ என்பதோடு சரி.

வெட்டினால் ஏன் மங்குகிறது என்பது எளிய கணக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பத்துப் பேர் வரிசையாக நின்றால் ஆளுக்கு 160. முகம் அதிலும் பாதிதான். அதை 1080 பிக்சல் அகலத்துக்கு இழுத்தால் எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது. அசல் படம் வேண்டுமென்றால் எடுத்தவரிடம் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

யாரையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் படமே வேண்டாம். முதல் படம் தனியாக, முகம் தெளிவாக இருக்கட்டும். ஆறில் ஒரே ஒரு குரூப் படம் போதும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம், அதில் நீங்கள் யார் என்று தேட வைக்கவும் கூடாது. கல்யாண மண்டபப் படத்தில் பட்டு வேட்டியோடு ஒரு பெண் பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளையே நீங்கள்தான் என்று நினைப்பார்கள், வேண்டாம் வம்பு. ஆபீஸ் டீம் படத்தில் கழுத்து ஐடி கார்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், கம்பெனி பெயர் தெரியும். அக்கா குழந்தைகள் படம் கூடவே கூடாது. மற்றவர்களிடம் ‘இந்தப் படத்தை டேட்டிங் ஆப்பில் போடுறேன்’ என்று ஆப்பின் பெயரோடு சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘போடட்டுமா’ என்றால் ஸ்டேட்டஸ் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்கள்.

படம் மோசமாக வருவதைவிடப் பெரிய ஆபத்து, ‘செலக்ட் பண்ணிக்கிறோம்’ என்று மொத்த கேலரியையும் டிரைவ் லிங்க்காகக் கேட்பது. கொடுத்தால் உங்கள் தோழிகள், தங்கை படமெல்லாம் முன்பின் தெரியாதவன் கையில். அதில் ஒரு முகத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் ஆகாது. ‘நாங்களே அப்லோட் பண்றோம்’ என்று ஓடிபி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், உங்கள் சாட் முழுக்க அவர்கள் படிக்கலாம்.

ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? டிரைவில் பகிர்வை நீக்குங்கள், ஆப்பில் வசதி இருந்தால் எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். படம் போலிக் கணக்கில் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு ஆப்பில் ரிப்போர்ட் அடியுங்கள். கணக்கு நீங்கிவிட்டால் சைபர் கிரைமில் காட்ட ஆதாரம் இருக்காது. ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. புகாரில் யுபிஐ பரிவர்த்தனையின் யுடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான அடையாள எண்) மறக்காமல் எழுதுங்கள்.